என் முன்னிலையில் கையொப்பமிட்டார்

தீர்த்தமலை
8.12.2024

கவி அப்பாவுக்கு எழிலரசி எழுதுவது.

நானும் கவிப்பிரியாவும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம். உங்கள் முதுகு வலி தேவலையா? ஜெயிலில் கட்டில் தருகிறார்களா, தரையா? போனில் கிடைக்கிற ஐந்து நிமிஷத்தில் இதைக் கூடக் கேட்க முடிவதில்லை. பின்னால் வரிசையில் நிற்கிறவர்கள் சத்தத்திலேயே நேரம் போய்விடுகிறது. அதனால்தான் கடிதம். ஆந்திராவுக்குத் தமிழில் எழுதிப் போட்டால் வந்து சேருமா என்று போஸ்ட் ஆபீசில் கேட்டேன். முகவரியை மட்டும் இங்கிலீஷில் எழுதச் சொன்னார்கள். கவி எழுதிக் கொடுத்தாள்.

போன வாரப் புயல் மழையில் மேல்காட்டு மரவள்ளி பாதி அழுகிவிட்டது. உங்கள் அண்ணன் வந்து வரப்பில் நின்று பார்த்துவிட்டுப் போனார். வீட்டுப் பக்கம் வரவில்லை. நீங்கள் கைதாகி நாலு மாதம் ஆகிறது, அவர் ஒரு நாளும் வீட்டுப் படி ஏறவில்லை.

ஒரு விஷயம் கேட்க வேண்டும். ஆகஸ்டில் தக்காளி லோடு ஏற்ற மதனப்பள்ளிக்கு வண்டி எடுத்துக்கொண்டு போனீர்களே, அதற்கு முன்னால் யாருக்காவது ஏதாவது தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தீர்களா? ரேஷன் கார்டில் ஒரு திருத்தம் இருக்கிறது, அதற்காகத்தான் கேட்கிறேன். மறக்காமல் பதில் போடுங்கள்.

கவி பரீட்சைக்குப் படிக்கிறாள். நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

எழிலரசி

*

கடப்பா
21.12.2024

அன்புள்ள எழிலுக்கு,

உன் கடிதம் கிடைச்சு நாலு நாள் ஆச்சு. பிரிச்சுதான் குடுத்தாங்க. இங்க வர்றதையும் போறதையும் தமிழ் தெரிஞ்ச வார்டர் ஒருத்தர் படிச்சுப் பாப்பாரு. அதனால எதையும் யோசிச்சு எழுது.

முதுகு பரவாயில்ல. தரைதான், ஆனா போர்வை ரெண்டு குடுத்திருக்காங்க. அரூர்க்காரங்க, சித்தேரி மலைக்காரங்கன்னு நம்ம பக்கத்து ஆளுங்களே ஏழு பேரு இருக்கோம். எல்லாரும் செம்மரக் கட்டை கேஸ்தான். அவங்கெல்லாம் காட்டுல வெட்டப் போனவங்க. நான் வெறும் டிரைவர்னு திரும்பத் திரும்பச் சொல்றேன். தக்காளி பெட்டிக்கு அடியில செம்மரம் இருந்தது எனக்குத் தெரியாதுன்னு வக்கீல்கிட்டயும் சொல்லியிருக்கேன். அந்தக் கடவுளுக்குத் தெரியும்.

கையெழுத்து எதுவும் நான் யாருக்கும் போட்டுக் குடுக்கல. ரேஷன் கார்டுக்கு எங்கிட்ட எதுக்குக் கையெழுத்து? குடும்பத் தலைவர்னு உன் பேருதானே இருக்குது?

அண்ணனப் பத்தி அப்படி எழுதாத. அவர் மனசுல ஒண்ணும் இல்ல. நமக்குன்னு இருக்கறது அவர் ஒருத்தர்தான். காட்டு வேலைக்கு அவரையே கேட்டுக்க.

கவிய நல்லாப் படிக்கச் சொல்லு. அவ ரெண்டு வரி எழுதினா ஆகாதா?

இளம்பரிதி

*

தீர்த்தமலை
3.1.2025

கவி அப்பாவுக்கு,

இங்கே நலம். பனி அதிகமாக இருப்பதால் கவிக்கு இருமல். கஷாயம் கொடுத்தேன், குறைந்துவிட்டது. உங்களுக்குச் சளி பிடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கையெழுத்து போடவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியை மட்டும் மூன்று தடவை படித்தேன். ரேஷன் கார்டு என் பெயரில் இருப்பது எனக்கும் தெரியும்.

போன வருஷம் ஜூலை 24, புதன்கிழமை. வண்டியை எஃப்.சி. தகுதிச் சான்றுக்குக் காட்ட வேண்டும் என்று காலையில் அரூர் போனீர்கள். சாயங்காலம்தான் வந்தீர்கள். வந்ததும் சாப்பாடு வேண்டாம் என்று படுத்துவிட்டீர்கள். வண்டிப் புத்தகத்தை இப்போது எடுத்துப் பார்த்தேன். எஃப்.சி. ஏப்ரலிலேயே முடிந்திருக்கிறது. அன்றைக்கு அரூரில் எங்கே போனீர்கள்?

கவியை எழுதச் சொன்னேன். "அப்புறம் எழுதறேன்"னு சொல்லிவிட்டுப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டாள்.

பதிலை எதிர்பார்க்கும்,
எழிலரசி

*

கடப்பா
20.1.2025

எழிலுக்கு,

நான் உசிரோட இருக்கேன். நீ எப்படி இருக்கேன்னு கேக்க வேண்டியதில்ல, நல்லாத்தான் இருக்கியாம்னு கேள்விப்பட்டேன்.

பொங்கல் முடிஞ்ச கையோட அண்ணன் என்னப் பாக்க வந்திருந்தாரு. அவ்வளவு தூரம் ரயிலேறி வந்து, கம்பிக்கு அந்தப் பக்கம் நின்னு அழுதாரு. நான் வாயத் தொறந்து கேட்டப்புறம்தான் சொன்னாரு. நீ தினமும் காலையில அரூர் பஸ் ஏறிப் போறியாம். கோர்ட்டு வாசல்ல ஒரு பாய் கடையில சாயங்காலம் வரைக்கும் உக்காந்திருக்கியாம். ரெண்டு கடிதம் எழுதின. ஒரு வார்த்தை அதப் பத்தி எழுதினியா? நான் உள்ள இருக்கேன்ங்கற தைரியமா?

ஜூலை மாசம் எந்தத் தேதி எங்க போனேன்னு போலீஸ் கேட்டாங்க, சொன்னேன். நீயும் விசாரணை வெக்கிறியா? கேள்வி கேக்க வேண்டியவன் நான்.

அண்ணன் சொன்னாரு, "அந்தப் புள்ளையக் கொஞ்ச நாளைக்கு அவங்கம்மா வூட்டுக்கு மொரப்பூருக்குப் போகச் சொல்லு, பேரு கெடாம இருக்கும்"னு. எனக்கும் அதுதான் சரின்னு படுது. யோசிச்சு வை.

இளம்பரிதி

*

தீர்த்தமலை
29.1.2025

கவி அப்பாவுக்கு,

உங்கள் உடம்பு நன்றாக இருக்கட்டும். நான் சொல்லும் முன்னே நீங்கள் கேட்டுவிட்டீர்கள், அதனால் அதை முதலில் சொல்கிறேன்.

ஆமாம், வேலைக்குப் போகிறேன். அக்டோபரிலிருந்து. உசேன் பாய் ஜெராக்ஸ் கடை. டைப்பிங், ஜெராக்ஸ், லேமினேஷன். நான் பன்னிரண்டாவதில் டைப்பிங் பாஸ் செய்தது இப்போதுதான் உதவுகிறது. பாயின் மகள் ஹீனா அதே கடை மாடியில் வக்கீலாக இருக்கிறாள். சொன்னால் போக வேண்டாம் என்பீர்கள் என்று சொல்லவில்லை. அது என் தப்பு.

நவம்பர் 20-ஆம் தேதி. மழை தூறிக்கொண்டிருந்தது. நோட்டரி நஞ்சப்பன் வக்கீலின் குமாஸ்தா ராஜா ஒரு பத்திரம் கொண்டுவந்து, "அஞ்சு காப்பி போடுக்கா"ன்னு நீட்டினார். என்னை அவருக்குத் தெரியாது. மிஷின் கண்ணாடி மேல் கவிழ்த்து வைக்கப் போகிற நேரம், நம் ஊர்ப் பெயர் கண்ணில் பட்டது. அப்புறம் உங்கள் பெயர். அப்புறம் என் பெயர்.

பரஸ்பர விவாகரத்து ஒப்பந்தப் பத்திரம். நாம் இரண்டு பேரும் மனம் ஒத்துப் பிரிந்துவிட்டோமாம். வீட்டிலும் காட்டிலும் எனக்கோ கவிக்கோ எந்த உரிமையும் இல்லையாம். நீங்கள் திரும்பி வரும்வரை எல்லாவற்றையும் உங்கள் அண்ணன் மதியழகன் பார்த்துக்கொள்வாராம். கடைசிப் பக்கத்தில் நோட்டரியின் சிவப்பு முத்திரை. அதன் கீழே, "இருவரும் 18.11.2024 அன்று நேரில் வந்து என் முன்னிலையில் கையொப்பமிட்டனர்."

என் கையெழுத்து என்று ஏதோ இங்கிலீஷில் கிறுக்கியிருந்தது. நான் எந்தக் காலத்தில் இங்கிலீஷில் போட்டேன்? ஆனால் உங்கள் கையெழுத்து உங்களுடையதேதான். அந்த 'இ'யைச் சுழித்து முடிக்கிற விதம் வேறு யாருக்கும் வராது. பதினாறு வருஷம் பார்த்திருக்கிறேன். பத்திரத்தாளை விற்றவர் மேலே எழுதியிருக்கிறார்: வாங்கினவர் இளம்பரிதி, தேதி 24.7.2024.

ஐந்து போட்டுக் கொடுத்தேன். ஆறாவதாக ஒன்று போட்டு என் பையில் வைத்துக்கொண்டேன்.

இப்போது சொல்லுங்கள். என்னை மொரப்பூருக்கு அனுப்பச் சொன்னது உங்கள் அண்ணனா, நீங்களா?

எழிலரசி

*

தீர்த்தமலை
9.3.2025

கவி அப்பாவுக்கு,

நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். ஐந்து வாரம் பார்த்துவிட்டேன். பதில் இல்லை. கடிதம் சேர்ந்ததா என்று சந்தேகப்பட்டு இதைப் பதிவுத் தபாலில் அனுப்புகிறேன்.

பிப்ரவரி 24 காலையில் உங்கள் அண்ணன் இரண்டு ஆட்களோடு வந்தார். பத்திரத்தின் நகலை என் கையில் கொடுத்தார். "உனக்கும் எந்தம்பிக்கும் ஒண்ணும் இல்லைன்னு ஆயிப்போச்சு. நோட்டரி சீல் வெச்சிருக்குது பாத்துக்க. கவர்மெண்டு சீலு. மாசக் கடைசிக்குள்ள வூட்டக் காலி பண்ணிக் குடுத்துரு"ன்னார். கவி கதவுக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டாள்.

அன்றைக்கே ஹீனாவிடம் ஆறாவது நகலைக் காட்டினேன். நீங்கள் என்ன சொல்வீர்களோ என்று அதுவரைக்கும் யாரிடமும் காட்டவில்லை. நான் முதலில் கேட்டது, "இது செல்லுமா?"

ஹீனா சிரித்தாள். "அக்கா, இந்து கல்யாணத்தக் கோர்ட்டுதான் பிரிக்கணும். நோட்டரிக்குக் கல்யாணம் பண்ணி வெக்கவும் அதிகாரம் இல்ல, அத்து விடவும் அதிகாரம் இல்ல. இது வெறும் தாளு."

"அப்ப சீல் எதுக்கு?"

"சீல்னா உள்ள எழுதியிருக்கறது எல்லாம் நெசம்னு அர்த்தம் இல்லக்கா. இன்னாரு என் முன்னாடி வந்தாரு, அவருதான்னு அடையாளம் பாத்தேன், என் கண்ணு முன்னாடி கையெழுத்துப் போட்டாரு. இந்த மூணுக்குத்தான் நோட்டரி சாட்சி. அத நம்பித்தான் பேங்குலயும் ஆபீஸ்லயும் காயிதத்த வாங்கிக்கறாங்க. அந்த மூணுமே இங்க பொய்யின்னா, வாங்க, அவரையே கேட்டுருவோம்."

மறுநாள் போனோம். உரக்கடைக்கு மேலே ஒரே அறை. நோட்டரிக்கு எழுபது வயசு இருக்கும். நான் யார் என்று சொல்லவில்லை. நகலை மேஜை மேல் வைத்தேன்.

"இவங்க ரெண்டு பேரும் உங்க முன்னாடி வந்தாங்களாங்க?"

"வராமலா சீல் வெப்பேன்? புருசன் பொண்டாட்டி ஒண்ணா வந்தாங்க."

"நல்லா ஞாபகம் இருக்குங்களா?"

"ஏன் இல்ல? அந்தம்மா அழுதுக்கிட்டேதான் கையெழுத்துப் போட்டுச்சு. நாங்கூட யோசிச்சுக்கம்மான்னு சொன்னேன்."

என் ஆதார் கார்டை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். "நான்தாங்க அந்த எழிலரசி. என்ன இதுக்கு முன்ன பாத்திருக்கீங்களா?"

கார்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"இவங்க வூட்டுக்காரரு அன்னைக்கு ஆந்திரா ஜெயில்ல இருந்தாருங்க சார்"னு ஹீனா சொன்னாள். "உங்க பதிவேட்டக் கொஞ்சம் காட்டுங்க."

பதிவேட்டில் 18.11.2024-க்கு ஒரு வரி இருந்தது. உங்கள் கையெழுத்துக்கான இடம் காலி. என் இடத்தில் அதே இங்கிலீஷ் கிறுக்கல். "ராஜா கொண்டாந்து வெச்சான், சீல் வெச்சுட்டேன்"னார். நாங்கள் எழுந்தபோது தண்ணீர் கேட்டார். நான்தான் செம்பை எடுத்துக் கொடுத்தேன். என்ன புத்தியோ.

இத்தனையும் தெரிந்துவிட்டது. தெரியாதது ஒன்றுதான். உங்கள் கையெழுத்து அந்தத் தாளுக்கு எப்படி வந்தது? அண்ணன் ஜனவரியில் அங்கே வந்தபோது போட்டிருக்க முடியாது, பத்திரம் நவம்பரிலேயே முடிந்துவிட்டது. எனக்குத் தெரிந்தால் போதும். நீங்களும் சேர்ந்து செய்தது என்றால் அதையும் எழுதிவிடுங்கள். நான் அழ மாட்டேன்.

எழிலரசி

*

கடப்பா
24.3.2025

எழிலுக்கு,

ரெண்டு கடிதமும் கிடைச்சுது. முதல் கடிதத்துக்கு நாலு தடவ பதில் எழுதிக் கிழிச்சேன். சோறு எறங்கல. ஆனா காய்ச்சல் கீச்சல் ஒண்ணும் இல்ல, பயப்படாத.

உன்னோட அத்துக்கிட்டதா ஒரு தாள் இருக்கறதே நீ எழுதித்தான் எனக்குத் தெரியும். கவி மேல சத்தியம். இத மட்டும் நம்பு.

கையெழுத்து என்னுதுதான். ஜூலையில நானே போயி மூணு பத்திரத்தாள் வாங்கி, ஒண்ணும் எழுதாம வெறுமன அடியில கையெழுத்துப் போட்டு அண்ணன்கிட்டக் குடுத்தேன். எனக்கு எதாவது ஆச்சுன்னா பட்டா, கரண்ட் சர்வீஸ் எதுக்காவது உதவும், பாத்துக்கன்னு சொன்னேன். டிரைவர் வேலை, ரோட்டுல என்ன வேணா நடக்கும் இல்லையா, அதுக்காகத்தான். உங்கிட்டச் சொன்னா பயந்துக்குவியோன்னு சொல்லல.

அவர் இப்படிப் பண்ணுவாருன்னு நெனக்கல. கூடப் பொறந்தவரு. கம்பிக்கு அந்தப் பக்கம் நின்னு அழுதாரே, அப்ப அந்தத் தாள் அவரு பையில இருந்திருக்குமோ என்னமோ.

வூட்ட விட்டுப் போகாத. நான் மொரப்பூருக்குப் போன்னு எழுதினத மறந்துரு.

இளம்பரிதி

*

தீர்த்தமலை
5.4.2025

கவி அப்பாவுக்கு,

நாங்கள் சுகம். வெயில் இப்போதே தாங்கவில்லை. அங்கே இன்னும் அதிகம் என்கிறார்கள், தண்ணீர் நிறையக் குடியுங்கள்.

வீட்டை விட்டுப் போகவில்லை. போகவும் மாட்டேன். ஆனால் உங்கள் கடிதத்தைப் படித்ததிலிருந்து ஒரு வேலையும் ஓடவில்லை.

பதினெட்டு வருஷமாக வண்டி ஓட்டுகிறீர்கள். பம்பாய் வரைக்கும் போயிருக்கிறீர்கள். ஒரு தடவையாவது வெற்றுப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டு வைத்துவிட்டுப் போனீர்களா? மதனப்பள்ளித் தக்காளிக்கு மட்டும் எதற்கு? போனால் திரும்பி வர நாளாகும் என்று தெரிந்த ஆள்தானே அப்படிச் செய்வான்?

இதற்கு மேல் எழுத மாட்டேன். படிக்கிறவர்கள் இருக்கிறார்கள். உங்களுக்குப் புரியும். இதற்கு நீங்கள் பதிலும் எழுத வேண்டாம்.

இப்போது ஆக வேண்டியது இரண்டு. ஹீனா கேட்கச் சொன்னாள். நவம்பர் 18 அன்று நீங்கள் ஜெயிலில்தான் இருந்தீர்கள் என்று ஜெயில் அதிகாரியிடம் ஒரு சான்று. அடுத்தது, வெற்றுத் தாளில்தான் கையெழுத்துப் போட்டேன், என் மனைவியைப் பிரிய நான் சம்மதிக்கவில்லை என்று உங்கள் வாக்குமூலம். அதை அதிகாரி முன்னால் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். தாள் எத்தனை என்பதும் அதில் வர வேண்டும். இரண்டாவது உங்கள் கேஸுக்குக் கெடுதல் ஆகலாம் என்றும் அவளே சொன்னாள். தாள் வாங்கின தேதி அதில் வரும். உங்கள் வக்கீலைக் கேட்டு முடிவு செய்யுங்கள். நான் வற்புறுத்தவில்லை.

எழிலரசி

*

கடப்பா
30.4.2025

எழிலுக்கு,

நலம். நீ நலமா இருக்கணும்.

ரெண்டும் இதோட வெச்சிருக்கேன். ஜெயில் சூப்ரண்டு கையெழுத்தும் முத்திரையும் இருக்குது. வக்கீலு வேணாம்னாரு. "பெயில் மனு போட்டிருக்கற நேரத்துல நீயே எதுக்குய்யா ஜூலை மாசத்த இழுக்கற?"ன்னு திட்டினாரு. நான் கேக்கல. வூடு உங்க ரெண்டு பேருக்கும் இல்லாமப் போனா நான் வெளிய வந்து எங்க போறது?

உன் கேள்விக்குப் பதில் எழுத வேணாம்னு எழுதியிருந்த. எழுதல.

இளம்பரிதி

*

தீர்த்தமலை
14.6.2025

கவி அப்பாவுக்கு,

நீங்களும் நலமாக இருந்து சீக்கிரம் வர வேண்டும். சொல்ல நிறைய இருக்கிறது. நடந்த வரிசைப்படியே எழுதுகிறேன்.

உங்கள் இரண்டு தாளையும் வைத்து ஹீனா போலீசில் மனு கொடுத்தாள். நோட்டரிக்கும் உங்கள் அண்ணனுக்கும் வக்கீல் நோட்டீஸ் போனது. நோட்டரி மூன்றாம் நாளே கடைக்கு வந்துவிட்டார். "இருவரும் என் முன்னிலையில் வரவில்லை, அடையாளம் பார்க்காமல் முத்திரை வைத்தேன்" என்று எழுதிக் கொடுத்தார். "இத்தன வருசத்துல என்மேல ஒரு புகார் இல்லம்மா"ன்னார். அதற்கு ஹீனா, "இதுக்கு முன்ன வந்தவங்க யாரும் ஜெராக்ஸ் கடையில வேல பாக்கல சார்"னாள். அவர் லைசென்ஸ் பற்றி அரசாங்கத்துக்கும் எழுதியிருக்கிறாள். குமாஸ்தா ராஜா ஊரிலேயே இல்லை.

உங்கள் அண்ணனை ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டார்கள். நானும் போனேன். என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தே பேசினார். "அவன் உள்ள போனா பத்து வருசம். இது ஒண்டியா இருக்குது. நாளைக்கு ஒருத்தனக் கூட்டிக்கிட்டு வந்து காட்டுல உக்கார வெச்சுட்டா? எங்கப்பன் வெட்டுன கெணறு சார் அது"ன்னார். இன்ஸ்பெக்டர், "அதுக்குப் பொய்ப் பத்திரமாய்யா?"ன்னு கேட்டார். அண்ணன் பையைத் திறந்தார். அசல் பத்திரத்தையும், எழுதாத தாள் ஒன்றையும் மேஜை மேல் வைத்தார்.

மூன்றாவது எங்கே என்று கேட்டதற்கு, "எங்கிட்டக் குடுத்ததே ரெண்டுதான்"னு சாதிக்கிறார். சாமி மேல் சத்தியம் செய்கிறார். நீங்கள் மூன்று என்று வாக்குமூலத்திலேயே எழுதியிருக்கிறீர்கள். அவர் பேச்சை யார் நம்புவது? ஆனாலும் அந்த ஒரு விஷயத்தில் அவர் என் முகத்தைப் பார்த்துப் பேசினார். எனக்கு அது பிடிபடவில்லை.

இனி உங்கள் சமாசாரம். பெயில் கிடைத்துவிட்டதாக வக்கீல் போன் செய்தார். ஜாமீன்தார் இரண்டு பேர் வேண்டும். ஒருவரை அங்கேயே பார்த்துவிட்டாராம். இன்னொருவராக என் அப்பா கருப்பண்ணன் வருகிறார். நிலப் பத்திரத்தை எடுத்து வைத்துக்கொண்டு, "எல்லாத்தயும் உங்கிட்ட ஒளிக்காமச் சொல்லிட்டானா அவன்?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். சொல்லிவிட்டார் என்று சொன்னேன்.

23-ஆம் தேதி மொரப்பூரில் ரயில் ஏறுகிறோம்.

எழிலரசி

*

தீர்த்தமலை
6.7.2025

அப்பா,

நீங்கள் வெளியே வந்துவிட்டதாக அம்மா வந்து சொன்னாள். இளைத்துவிட்டீர்கள் என்றும் சொன்னாள். இன்னும் ஒரு மாதம் அங்கேயே லாட்ஜில் தங்கி தினமும் ஸ்டேஷனில் கையெழுத்துப் போட வேண்டுமாமே. நேரத்துக்குச் சாப்பிடுகிறீர்களா?

நான் இதுவரை எழுதாததற்குக் காரணம் இருக்கிறது. என்ன எழுதினாலும் ஒரு கேள்வியில்தான் வந்து முடிந்தது. அதை ஜெயிலுக்கு எழுதக் கூடாது என்று அம்மா சொன்னாள். இப்போது யாரும் பிரித்துப் படிக்க மாட்டார்கள் இல்லையா?

பத்தாம் வகுப்பில் என் பக்கத்தில் உட்காருகிறவள், "உங்கப்பா கட்டை கடத்தினவரா?"ன்னு கேட்டாள். இல்லை, அவருக்குத் தெரியாது, ஏமாற்றிவிட்டார்கள் என்று சொன்னேன். அதையே அம்மாவிடம் சொன்னபோது அவள் எழுந்து போய்விட்டாள்.

வண்டியில் என்ன இருந்தது என்று உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா? நான் எழுதியது அம்மாவுக்குத் தெரியாது.

கவிப்பிரியா

*

கடப்பா
11.7.2025

அன்பு மகள் கவிப்பிரியாவுக்கு,

அப்பா நல்லா இருக்கேன். ரெண்டு வேளை இட்லி, ஒரு வேளை சோறு. நீ என்ன நெனச்சுக் கவலப்படாத.

தெரியும் சாமி. வண்டியில என்ன ஏத்தறாங்கன்னு தெரிஞ்சுதான் போனேன். ஒரே நடை, அதுக்கப்புறம் இந்தப் பக்கமே வரக் கூடாதுன்னு நெனச்சேன். யாரும் என்ன ஏமாத்தல. உன் சிநேகிதி கேட்டதுக்கு நீ சொன்ன பதில் பொய்யின்னா, அந்தப் பொய்ய உன் வாயில போட்டவன் நான். கோர்ட்டுல கேஸ் எப்படிப் போகுமோ தெரியாது. உங்கிட்ட மட்டும் இனிமே மாத்திச் சொல்ல முடியாது.

இன்னொண்ணு இருக்குது. இத உங்கம்மாகிட்டக் கூடச் சொல்லல. கோர்ட்டு வாசல்ல உன் தாத்தா நிலப் பத்திரத்தக் கையில புடிச்சுக்கிட்டு நின்னாரு. உங்கம்மா பக்கத்துலயே நின்னா. அப்பவே சொல்லணும்னு வாய் வரைக்கும் வந்துச்சு, முழுங்கிட்டேன்.

நான் பத்திரத்தாள் மூணு வாங்கினது நெசம். பெரியப்பாகிட்டக் குடுத்தது ரெண்டுதான். அவரு மத்ததுல எல்லாம் பொய் சொன்னாரு, இதுல சொல்லல. மூணாவத என்னை வேலைக்குக் கூப்பிட்ட ஆளு வாங்கிக்கிட்டான். லோடோட ஓடிப் போயிட மாட்டேங்கறதுக்கு அடமானம் மாதிரி. வாக்குமூலத்துல அத எழுதினா எல்லாம் தெரிஞ்சே போனேன்னு ஆயிரும்னு, மூணையும் பெரியப்பா தலையில போட்டேன். அந்தத் தாளு இன்னும் அவன்கிட்டதான் இருக்குது. அதுல என் கையெழுத்துக்கு மேல அவன் என்ன வேணா எழுதலாம். நம்ம வூட்டையே அவனுக்கு வித்துட்டேன்னு எழுதலாம். நோட்டரிக்கும் ஆளு கெடைப்பான்.

அம்மாவுக்கும் தனியாக் கடிதம் எழுதி, இதே கவருக்குள்ள வெச்சிருக்கேன். அந்த ஆளோட பேரு, ஊரு, போன் நம்பர் எல்லாம் அதுல இருக்குது. அத அவகிட்டக் குடு. என்ன சொல்லுவாளோன்னு பயமாத்தான் இருக்குது. தாத்தாகிட்ட அவ எனக்காகச் சொன்ன வார்த்தையப் பொய்யாக்கிட்டேன். திட்டினா திட்டட்டும். நான் ஊருக்கு வரக் கூடாதுன்னு சொன்னாலும் சரி, கேட்டுக்கறேன்.

ஆனா நாளக் கடத்த வேணாம். இது கெடைச்ச மறுநாளே பள்ளிக்கூடம் விட்டதும் நேரா அரூர் பஸ் ஏறிப் போ. அம்மா கடையில இருப்பா. ரெண்டு பேரும் மாடி ஏறி ஹீனா வக்கீலப் பாருங்க. அவங்க அந்தக் கடிதத்தப் படிச்சு முடிக்கிற வரைக்கும் அம்மா பக்கத்துலயே இரு.

உடம்பப் பாத்துக்க.

அப்பா